நாய் பிஸ்கட்டுக்கு எலும்பு வடிவம் எதற்கு?



நம் குடியிருப்பில் நாய் வளர்க்கும் வீடுகள் உண்டு. வளர்க்காவிட்டாலும் மாலை நடைக்கு வரும்போது சட்டைப் பையில் நாலு பிஸ்கட் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. இந்த இதழில் உங்கள் இரு தரப்புக்குமாகச் சேர்த்து ஒரு சின்னச் சரித்திரம்.

கடையில் நாய்த் தின்பண்டங்கள் அடுக்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். எலும்பு வடிவம், இதய வடிவம், கேரட் நிறம், கீரை நிறம். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வாயில் விழுந்த பிஸ்கட் எலும்பு வடிவமா வட்டமா என்று அது பார்ப்பதும் இல்லை. அப்படியானால் இந்த வடிவமும் நிறமும் யாருக்காக? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் 160 வருடம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன்பு நாய்க்கென்று தனியாகப் பண்டம் செய்து விற்ற கடை அரிது. பெரும்பாலும் மனிதன் சாப்பிட்டதில் மிஞ்சியது, அல்லது நாய்க்காக வீட்டிலேயே காய்ச்சியது. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பண்ணை நாய்க்கு வாற்கோதுமை மாவை மோர்த்தெளிவில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். நம் ஊர்க் கம்மங்கூழுக்கு அது அப்படியொன்றும் தூரத்து உறவில்லை.

1850களின் கடைசியில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனுக்கு வந்தார். வந்தது நாய் விஷயமாக அல்ல, இடிதாங்கி விற்க. துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கப்பல் பிஸ்கட்டைத் தெரு நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்தார், அங்கேதான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். கப்பல் பிஸ்கட் என்பது மாவும் தண்ணீரும் சேர்த்துக் கல்லாகச் சுட்டது. மாதக்கணக்கில் கெடாது. கப்பலில் மிஞ்சியதும் புழுத்ததும் கரையில் நாய்க்குப் போகும். ஸ்ப்ராட் அதே முறையில் கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், கொஞ்சம் உலர்ந்த மாட்டிறைச்சி சேர்த்து ஒரு பிஸ்கட் செய்து, 1860களின் தொடக்கத்தில் காப்புரிமையும் வாங்கி விற்க ஆரம்பித்தார்.

அதில் சேர்த்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதை அவர் கடைசி வரை வெளியே சொல்லவில்லை. அமெரிக்கப் புல்வெளி மாடுகளின் இறைச்சி என்று விளம்பரம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு பிஸ்கட்டிலும் கம்பெனிப் பெயரை அச்சாகக் குத்தினார்கள், போலிகளை நம்பாதீர்கள் என்று எச்சரித்தார்கள். பெயர் பளிச்சென்று, உள்ளே இருப்பது ரகசியம். இந்த வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

யாருக்கு விற்றார் என்பதையும் கவனியுங்கள். வேட்டை நாய் வைத்திருந்த இங்கிலாந்துக் கனவான்களுக்கு. சாதாரண வீட்டில் நாய்க்குக் காசு கொடுத்துப் பண்டம் வாங்குவதை நினைத்தே பார்க்க மாட்டார்கள். ஆகவே இது அந்தஸ்தின் அடையாளமாகவே விற்கப்பட்டது. அந்தக் கம்பெனியில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் க்ரஃப்ட் என்பவர் விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றி, நாய் வளர்க்கும் பெரிய மனிதர்களையெல்லாம் பழக்கம் பிடித்துக்கொண்டார். 1891-ல் லண்டனின் இஸ்லிங்டனில் தன் பெயரிலேயே ஒரு நாய்க் கண்காட்சி நடத்தினார். இன்றைக்கும் ஆண்டுதோறும் நடக்கும் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி அதுதான். அவர் வீட்டில் இருந்தது பூனை என்று ஒரு கதை உண்டு.

ஸ்ப்ராட் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை கிழக்கு லண்டன் பாப்லரில், கால்வாய் ஓரத்தில் இருந்தது. அந்தக் கட்டடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கேயும் நம்மைப் போல ஒரு சங்கம் இருந்தால், தண்ணீர் லாரிப் பிரச்சினை மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எலும்பு வடிவம் வந்தது அமெரிக்காவில். 1908-ல் நியூயார்க்கின் எஃப்.எச். பென்னட் பிஸ்கட் கம்பெனி, பால் சேர்த்த நாய் பிஸ்கட்டை எலும்பு மாதிரி வெட்டி விற்றது. பின்னாளில் மில்க்-போன் என்று பிரபலமானது அது. 1931-ல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி பென்னட்டை வாங்கியது. மனிதர்களுக்கு பிஸ்கட் விற்ற அதே வண்டி, அதே மளிகைக் கடை, அதே அலமாரி வழியாக நாய் பிஸ்கட்டும் வீடுகளுக்குள் நுழைந்தது. நாய்க்கு எலும்பு பிடிக்கும் என்று நினைப்பது வாங்குகிற நாம்தானே? அந்த வடிவம் நம் கண்ணுக்காகச் செய்தது.

இதுவரை சொன்னதில் வேடிக்கை அதிகம். அடுத்தது அப்படியல்ல.

1920களிலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய்களுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. நன்றாக இருக்கும் நாய் திடீரென்று ஊளையிட்டபடி கண்மண் தெரியாமல் ஓடும், சுவரில் முட்டும், வலிப்பு வந்து விழும். வெறிநாய்க்கடியோ என்று பயந்தவர்கள் பலர். கிருமியா, பூச்சியா, பரம்பரையா என்று இருபது வருடத்துக்கு மேல் தேடினார்கள்.

விடை சொன்னவர் எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கிலேய மருத்துவ விஞ்ஞானி. குழந்தைகளுக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் உணவுக் குறையால் வருவது, மீன் எண்ணெய் அதைத் தடுக்கும் என்று 1919 வாக்கில் காட்டியவரும் இவரே. அந்தச் சோதனையும் நாய்க்குட்டிகள் மேல் நடந்ததுதான். நம் குழந்தைகளின் எலும்புக்கு நாய்கள் கொடுத்த விலை அது. 1946-ல் மெலன்பி கண்டுபிடித்தது இது: மைதாவை வெள்ளையாக்க ஆலைகள் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற வாயுவை மாவில் செலுத்திவந்தன. அந்த மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்தது. வாயு படாத மாவைத் தின்ற நாய்களுக்கு வரவில்லை. பிஸ்கட்டும் ரொட்டியுமே சாப்பாடாகக் கொண்ட நாய்கள் அதிகம் பாதிக்கப்பட்டதன் காரணம் விளங்கியது.

அன்றைய பிரிட்டனில் மனிதர்கள் தின்ற வெள்ளை ரொட்டியில் பெரும்பகுதி இதே மாவில் செய்தது. மனிதர்களுக்குக் கெடுதல் வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அமெரிக்கா 1949-ல் அந்த முறையை நிறுத்தியது. பிரிட்டன் இன்னும் சில வருடம் தாமதித்து 1950களின் நடுவில் கைவிட்டது. நாயின் தட்டில் விழுந்த பிஸ்கட்டைச் சரியாகக் கவனித்ததால் மனிதர்களின் ரொட்டியிலிருந்து ஒரு நச்சு விலகியது. நாய்த் தின்பண்ட வரலாற்றில் இதை விடப் பெரிய சம்பவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இடையில் டப்பா உணவு வந்தது. 1922-ல் தொடங்கிய கென்-எல் ரேஷன் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்தது. இரண்டாம் உலகப்போரில் தகரத் தட்டுப்பாடு வந்ததும் உலர் உணவுக்கு மறுபடி மவுசு. 1950களில் மாவை அழுத்தத்தில் வேக வைத்துப் பொரியவைக்கும் இயந்திரம் வந்தது. நாம் இன்று வாங்கும் கிப்பிள் அதன் பிள்ளை. வீட்டுச் சாப்பாடு நாய்க்கு ஆகாது, பொட்டலமே நல்லது என்ற பிரச்சாரத்தை 1960களில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் சங்கம் கட்டித் தீவிரமாக நடத்தினார்கள். அந்தப் பிரச்சாரத்தின் எதிரொலி இன்று நம் வாட்ஸ்அப் குழு வரை கேட்கிறது.

பொட்டலம் எல்லாமே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2007-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் நாய், பூனை உணவில் மெலமின் கலந்த கோதுமைப் புரதம் அகப்பட்டு ஏராளமான சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருடம் உலர்த்திய கோழி இறைச்சிப் பட்டைகள் மீது புகார்கள் தொடங்கின. பெரும்பாலும் சீனாவில் செய்தவை. 2015 முடிவுக்குள் அந்நாட்டு எஃப்.டி.ஏ.வுக்கு வந்த சுமார் 5,200 புகார்களில் 6,200-க்கு மேற்பட்ட நாய்கள் நோயுற்றதாகவும் 1,140-க்கு மேற்பட்டவை இறந்ததாகவும் இருந்தது. சிலவற்றில் ஆன்டிபயாடிக் எச்சம் கிடைத்தது, சரக்கு வாபஸ் ஆனது. ஆனால் இன்னதுதான் காரணம் என்று உறுதியாகப் பிடிபடவில்லை. அந்தப் பொட்டலங்களின் உள்ளே இருந்தது சாதாரண இறைச்சி போலத்தான் தெரிந்தது. பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை வளர்த்த தெற்குச் சீமைக்காரர்கள் பெரும்பாலும் கூழும் சோறும் ஊற்றியே வளர்த்தார்கள். நாய் மாமிச பட்சிணி, சோறு செரிக்காது என்று யாராவது சொன்னால், 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியதைச் சொல்லுங்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி இருக்க, நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை இருந்தது. மனிதன் விவசாயத்துக்கு வந்தபோது நாயின் வயிறும் கூடவே மாறியிருக்கிறது. ஆகவே தயிர்சாதம் பாவமில்லை. தாளிக்காத, உப்புப் போடாத தயிர்சாதம்.

ஆனால் நம் சமையலறையில் ஆபத்தும் இருக்கிறது. சாம்பார் சாதத்தில் சின்ன வெங்காயம்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. கேசரியிலும் பாயசத்திலும் கிஸ்மிஸ்: திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில நிலக்கடலை வெண்ணெயிலும் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு ரத்தச் சர்க்கரை சடாரென இறங்கி உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தின் பின்பக்கம் பெயர் இல்லாமல் 967 என்ற எண் மட்டும் போட்டிருக்கலாம். கோடையில் மாங்கொட்டையை எறியாதீர்கள், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். வேகவைத்த எலும்பு பிளந்து குத்தும்.

கொடுக்கத் தகுந்தவை எளிமையானவை. வேகவைத்த கேரட், பீன்ஸ், பூசணி, வெள்ளரித் துண்டு, விதை எடுத்த ஆப்பிள், மசாலாவும் எலும்பும் இல்லாத கோழித் துண்டு, அவித்த முட்டை. பொட்டலம்தான் வசதி என்றால் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். இறைச்சி என்று மொட்டையாகப் போட்டிருந்தால் ஸ்ப்ராட்டின் ரகசிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோழி, ஆடு, மீன் என்று பெயர் சொன்னது நல்லது.

அளவு இன்னும் முக்கியம். நாயின் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 600 கிலோகலோரி வேண்டும். பத்தில் ஒரு பங்கு 60. நாம் வாங்கும் குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமுக்கு ஏறத்தாழ 450 கிலோகலோரி. 50 கிராம் சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தால் 225, அதாவது மூன்றரை நாள் பங்குக்கும் மேல். நீங்கள் கொடுப்பது இரண்டே பிஸ்கட்தான். ஆனால் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இரண்டு கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, அது சொல்லவும் சொல்லாது. வாலை ஆட்டும்.

பிஸ்கட் முழுதா கால் துண்டா என்று நாய் கணக்குப் பார்ப்பதில்லை. ஒன்றை நாலாக உடைத்து நாலு முறை நீட்டினால் நாலு முறையும் அதே சந்தோஷம்தான். பொது நாய்களுக்குக் கொடுப்பவர்கள் பெயரையும் நேரத்தையும் எழுத செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைக்கலாம் என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். வைத்தால், கொடுப்பதற்கு முன் அன்றைய பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.