பாலைநில ஏரியும் வகுப்பறையும்: நெவாடாவின் பிரமிட் ஏரியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் நன்னீர்ப் பாதுகாப்பையும் அயல் ஊடுருவல் உயிரினங்களையும் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சிகள் பரவலாக நடைபெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தனிமனிதரின் கவனக்குறைவையே சிக்கலின் தோற்றுவாயாகக் காட்டுகின்றன. நெவாடா மாநிலத்தின் பிரமிட் ஏரி வரலாறு இதற்கு மாறான சான்றுகளைத் தருகிறது. அச்சான்றுகளை வகுப்பறைக்குக் கொண்டு செல்வதன் தேவையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிரமிட் ஏரி, ட்ரக்கி ஆறு, பையூட் மக்கள், அயல் ஊடுருவல் இனங்கள், நீருரிமை, சூழலியல் கல்வி

முன்னுரை

2007ஆம் ஆண்டு சனவரியில் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியில் குவாக்கா மட்டிகள் கண்டறியப்பட்டன. கருங்கடலில் கலக்கும் நீப்பர் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு மட்டி, 1980களின் இறுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளை அடைந்திருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பாலைநில நீர்த்தேக்கத்திற்கு அது வந்து சேர்ந்தது பெரும் அச்சத்தை உண்டாக்கியது. குழாய்களின் உட்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டி வளர்ந்து அது நீரோட்டத்தை அடைக்கும். நீரிலுள்ள நுண்ணுயிரிகளை வடிகட்டி உண்டு பிற உயிர்களின் உணவைக் குறைக்கும். மறு ஆண்டே தாஹோ ஏரியில் படகுச் சோதனை கட்டாயமாயிற்று. ‘தூய்மை செய், நீரை வடி, உலர்த்து’ என்னும் மூன்று கட்டளைகள் சுவரொட்டிகள் வழியாகவும் பாடக் குறிப்புகள் வழியாகவும் பள்ளிகளுக்குள் நுழைந்தன.

இக்கட்டளைகள் பிழையானவை அல்ல. ஒரு படகின் அடியில் தேங்கிய சிறிதளவு நீரே மட்டியின் இளவுயிரிகளைச் சுமந்து செல்லப் போதுமானது. ஆயினும் பாலைநில ஏரிகள் அழிந்த கதையை இம்மூன்று சொற்களுக்குள் அடக்கிக் கற்பிக்கும்போது, அக்கதையின் பெரும்பகுதி மாணவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறும். பிரமிட் ஏரி இருப்பது அவ்வகைப் பாலையன்று. மழை குறைந்த இயற்கைப் பாலைவனமே. எனினும் 20ஆம் நூற்றாண்டில் அதற்கு நேர்ந்ததை விளக்க, தமிழ் மரபின் ‘திரிதல்’ என்னும் சொல் பொருத்தமாகவே அமைகிறது.

ஆறும் அணையும்

தாஹோ ஏரியில் புறப்படும் ட்ரக்கி ஆறு, ரீனோ நகரைக் கடந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஓடிப் பிரமிட் ஏரியில் முடிகிறது. ஏரியிலிருந்து நீர் வெளியேற வழி இல்லை. ஆவியாதல் ஒன்றே போக்கு. எனவே அதன் நீரில் கடல்நீரின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உப்பு உள்ளது. இதை நன்னீர் ஏரி எனலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆனால் இங்கு வாழும் மீன்கள் முட்டையிட ஆற்றின் நன்னீரையே நாடிச் செல்கின்றன. ஆகவே ஏரியின் உயிர் ஆற்றில் உள்ளது.

ஏரியைச் சூழ்ந்த நிலம் வடக்குப் பையூட் மக்களுக்குரியது. இவ்வுலகில் வேறெங்கும் இல்லாத குவீ-வீ என்னும் மீனின் பெயராலேயே இங்குள்ள பிரிவினர் ‘குவீ-வீ உண்போர்’ என்று அழைக்கப்பட்டனர். 1859இல் இப்பகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1874இல் குடியரசுத் தலைவர் கிராண்டின் ஆணையால் உறுதி செய்யப்பட்டது. நிலம் உறுதியாயிற்று, நீர் உறுதியாகவில்லை.

1902இல் நிறைவேறிய நிலமீட்புச் சட்டத்தின்கீழ் எழுந்த முதல் திட்டங்களுள் ஒன்று நியூலாண்ட்ஸ் பாசனத் திட்டம். 1905இல் கட்டி முடிக்கப்பட்ட டெர்பி அணை, ட்ரக்கி ஆற்று நீரின் பெரும்பகுதியை வேறொரு வடிநிலத்தின் வயல்களுக்குத் திருப்பியது. அருகிலிருந்த வின்னெமுக்கா ஏரி 1930களின் இறுதிக்குள் வறண்டு போனது. பிரமிட் ஏரியின் நீர்மட்டம் 1967க்குள் ஏறத்தாழ 80 அடி தாழ்ந்தது. ஆற்றுமுகத்தில் மணல் திட்டு உயர்ந்து மீன்களின் வழியை மறித்தது. 1925இல் பையூட் மீனவர் ஒருவர் 41 பவுண்டு எடையுள்ள லஹோண்டன் கட்த்ரோட் ட்ரவுட் மீனை இவ்வேரியில் பிடித்திருந்தார். 1940களின் தொடக்கத்தில் அம்மீன் ஏரியிலிருந்தே மறைந்துவிட்டது. குவீ-வீ தப்பியதற்குக் காரணம் அதன் நீண்ட ஆயுள். நாற்பது ஆண்டுக்கு மேல் வாழும் அம்மீன், நீர் வரும் ஆண்டுக்காகக் காத்திருக்க வல்லது.

ஊடுருவியவர் யார்?

மேல்பகுதியில் உள்ள தாஹோ ஏரியிலும் அதே ட்ரவுட் மறைந்தது. அங்கு மிகைமீன்பிடிப்பும் முட்டையிடும் ஓடைகளின் சீர்கேடும் காரணங்களாயின. அவற்றோடு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்து விடப்பட்ட மெக்கினா ட்ரவுட் அதை வேட்டையாடியது. வானவில் ட்ரவுட் அதனுடன் கலந்து இனத்தூய்மையைக் கெடுத்தது. இவை படகில் ஒட்டி வந்தவை அல்ல. மீன்வளம் பெருக்கும் நோக்கில் மனிதர் திட்டமிட்டு விட்டவை. 1960களின் நடுவில் மைசிஸ் என்னும் சிறு இறால், விளையாட்டு மீன்களுக்கு உணவாகும் என்று மீன்வளத் துறையினராலேயே தாஹோவில் விடப்பட்டது. அது பகலில் ஆழத்தில் மறைந்து இரவில் மேலேறி, மீன்குஞ்சுகளின் உணவான டாஃப்னியா நுண்ணுயிரியைத் தின்று சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ ஒழித்தது.

இங்குக் கலைச்சொல் பற்றி ஒன்று கூறுதல் தகும். தமிழில் ‘அந்நிய இனங்கள்’, ‘ஆக்கிரமிப்பு இனங்கள்’, ‘ஊடுருவல் இனங்கள்’ என மூன்று வழக்குகள் உள்ளன. முதலாவது பிறப்பிடத்தையே குற்றமாக்குகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் தானாக நுழைந்த பகை என்னும் எண்ணத்தைத் தருகின்றன. கொண்டுவந்தவர் யார் என்னும் வினாவை மூன்றும் மறைக்கின்றன. சீமைக்கருவேலத்தைப் பற்றிய நம் எழுத்துகளிலும் இக்குறை காணப்படுவதை ஆய்வாளர் அறிவர்.

நீதிமன்றத்தில் மீன்

1944இல் இறுதியான ட்ரக்கி ஆற்று நீர்ப்பங்கீட்டுத் தீர்ப்பு, பையூட் மக்களுக்குப் பாசன நீரை மட்டுமே வழங்கியது. மீனுக்கு நீர் தரவில்லை. அவ்வழக்கில் அவர்கள் சார்பில் நின்ற அரசே நியூலாண்ட்ஸ் உழவர்களின் நலனையும் காத்துநின்றது. பிற்காலத்தில் அத்தீர்ப்பைத் திறக்கும் முயற்சியை 1983இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆயினும் உள்துறைச் செயலருக்கு எதிராக 1972இல் பழங்குடியினர் பெற்ற வெற்றியும், ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்தின் நீரை அருகிவரும் மீன்களுக்கு முன்னுரிமையாகப் பயன்படுத்தலாம் என்ற 1984ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பும் நிலைமையை மாற்றின. இவற்றின் தொடர்ச்சியாக 1990இல் நீருரிமைத் தீர்வுச் சட்டம் நிறைவேறியது. ஏரியை மீட்டதில் இவ்வழக்குகளுக்கு உள்ள பங்கு, எந்தத் தூய்மை இயக்கத்திற்கும் உள்ள பங்கைவிடப் பெரிது எனத் துணிந்து கூறலாம்.

வகுப்பறையில் முட்டைகள்

நெவாடாப் பள்ளிகளில் குளிரூட்டப்பட்ட கண்ணாடித் தொட்டிகளில் ட்ரவுட் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து நீர்நிலைகளில் விடும் பயிற்சி உண்டு. நீரின் வெப்பநிலை, அம்மோனியா, ஆக்சிசன் ஆகியவற்றை மாணவர் தாமே அளக்கின்றனர். சிறந்த பயிற்சி இது, எதிர்ப்பதற்கு ஏதுமில்லை. ஆனால் வரலாறு தெரியாத மாணவனுக்கு, குஞ்சுகளை விட்டால் ஏரி பிழைக்கும் என்ற எண்ணமே எஞ்சும். மெக்கினா ட்ரவுட்டை விட்டவர்களும் இவ்வாறே எண்ணினர்.

இவ்விடத்தில் பைலட் மலை மீன்களைப் பாடமாக்கலாம். 1970களின் இறுதியில் யூட்டா எல்லையிலுள்ள அம்மலையின் சிற்றோடை ஒன்றில் சில ட்ரவுட் மீன்கள் கண்டறியப்பட்டன. அவை பிரமிட் ஏரியில் அழிந்துபோன வகையின் வழித்தோன்றல்கள் என்பதை மரபணு ஆய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. அவ்வோடை அவற்றின் இயற்கை வாழிடம் அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ கொண்டு சென்று விட்டவை எனக் கருதப்படுகிறது. அதாவது அந்த ஓடையில் அவை அயல் மீன்கள். உள்ளூர் மீன் நல்லது, அயல் மீன் தீயது என்று மட்டும் கற்ற மாணவனிடம் இச்செய்தியைக் கொடுத்து, அம்மீன்களை அவ்வோடையிலிருந்து அகற்றியிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். விடை எளிதன்று, விவாதம் அங்குதான் தொடங்கும்.

அவற்றின் வழிவந்த குஞ்சுகள் 2006 முதல் பிரமிட் ஏரியில் விடப்பட்டன. 2014இல் அவை ட்ரக்கி ஆற்றில் ஏறி முட்டையிட்டன. 1938க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல்முறை. மீன்கள் பாசனக் கால்வாய்க்குள் அடித்துச் செல்லப்படாமல் தடுக்கும் சல்லடை அமைப்பு டெர்பி அணையில் 2020இல் நிறுவப்பட்டது. அணை கட்டி அப்போது 115 ஆண்டுகள் ஆகியிருந்தன.