துரைமாரின் மீன்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரைத் துணியால் வடிகட்டி, அதிலுள்ள அற்ப ஜீவன்களையும் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் தர்மம். பூச்சி பொட்டு உணவில் விழுந்து செத்துவிடக் கூடாதென்று, பொழுது சாய்ந்தபின் சாப்பிடாமல் இருப்பதும் அவர்கள் விரதம். அவர்களிடம் போய், இறகாலும் நூலாலும் ஒரு பொய்ப் பூச்சியைக் கட்டி, அதற்குள் முள்ளை ஒளித்து, மீனை ஏமாற்றிப் பிடிப்பது ஒரு கனவான் விளையாட்டு என்று சொன்னால், பாதியிலேயே காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆனால் இதே சென்னை ராஜதானியில்தான், அந்த விளையாட்டுக்காகவே ஒரு மீனைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ட்ரௌட். குளிர்ந்து, தெளிந்து, கல்லில் மோதி ஓடும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். உதகமண்டலத்தில் சீமைச் சீதோஷ்ணமும், சீமைப் புஷ்பங்களும், சீமை உருளைக்கிழங்கும் கிடைத்துவிட்டன. ஓடைகளில் சீமை மீன் மட்டும் இல்லை. துரைமாருக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

பிரான்ஸிஸ் டே என்பவர் சென்னைப் பட்டாளத்து டாக்டர். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். 1863-ல் ட்ரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. 1866-ல் மறுபடி முயன்றார். அப்போதும் தோல்விதான். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். அதற்கு முன் மீன் முட்டையை நமது வெயிலுக்குள் உயிரோடு கொண்டுவருவதென்றால் லேசான காரியமா? 1864-ல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில், ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பனிக்கட்டி அறையில் வைத்து, மூன்று மாதப் பிரயாணத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து டாஸ்மேனியாவில் சேர்த்துவிட்டார்கள். நீலகிரிக்கோ கப்பலை விட்டு இறங்கிய பிறகும் சமவெளி முழுவதையும் கடந்து மலை ஏறவேண்டும்.

மீன் வரவில்லை, சட்டம் வந்துவிட்டது. 1879-ல் நீலகிரி வேட்டை மிருகங்களையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் செய்தார்கள். தாங்கள் கொல்லும்வரையில் பிறர் கொன்றுவிடாமல் காப்பதற்கு 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

கடைசியில் காரியத்தை முடித்தவர் எச். ஸி. வில்ஸன் என்ற சர்க்கார் மீன் நிபுணர். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. இலங்கை, ஜெர்மனி, நியூஸிலாந்து ஆகிய இடங்களிலிருந்து ரெயின்போ ட்ரௌட் முட்டைகள் வந்தன. இது பசிபிக் கரையோர அமெரிக்க நதிகளைச் சேர்ந்த ஜாதி. சீமை ட்ரௌட்டைவிடச் சற்று வெப்பம் தாங்கும். அது நிலைத்துவிட்டது. நாற்பது வருஷத்துப் பிடிவாதம் பலித்தது.

சமண நூல்கள் ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன. வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது. முதல் மூன்றையும் இல்லறத்தான் இயன்றமட்டும் குறைத்துக்கொண்டால் போதும். நான்காவதை அடியோடு விடவேண்டும். மரக்காணத்து வலைஞர் தொழிலையும் சமணர் ஒப்புவதில்லைதான். ஆயினும் வயிற்றுக்காக வலை வீசுகிறவனுக்குச் சொல்ல ஒரு நியாயம் உண்டு. பொய்ப் பூச்சி வீசுகிறவனுக்கு நான்காவது வகையைத் தவிர வேறு இடமில்லை. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோம் என்று இந்நாளில் சிலர் சொல்கிறார்கள். முள் ஏறிய வாயைக் கேட்டால் அல்லவா தெரியும்!

இன்னொரு விநோதம். சீமையில் அந்தப் பொய்ப் பூச்சிகளைக் கட்டப் பெயர்போன இறகுகளில் ஒன்று, நமது மலைகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு. மெழுகு பூசினாற்போல் மினுக்கும் புள்ளிகள் அதில் உண்டு. காட்டுப் பறவை இறகுகளின் ஏற்றுமதியை 1902-ல் இந்திய சர்க்கார் தடுத்தது. அதற்குள் எத்தனை சேவல்கள் போயினவோ!

இத்தனைக்கும் அந்த மலையின் பழங்குடிகளான தோடர் மாமிசம் உண்ணாதவர்கள்; பாலும் மோரும் அவர்களுக்கு முக்கிய ஆகாரம். 1906-ல் வெளிவந்த ரிவர்ஸின் புத்தகம் அவர்களுடைய ஓடைகளைப் பற்றிச் சொல்கிறது. ஒரே ஓடையில் பால்மனைக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் வேறு, வீட்டுக்கு எடுக்கும் இடம் வேறு. பால்மனைக்கு உரிய இடத்தில் மற்றக் காரியத்துக்காக ஒரு குடம் தண்ணீர்கூட மொள்ள மாட்டார்கள்.