மூத்த ஆசிரியரின் நேரம்: கல்லூரிப் பணியில் வழிகாட்டல்

கல்லூரி ஆசிரியரின் பணிவளர்ச்சி நம் நாட்டில் பெரும்பாலும் சான்றிதழ்களைக் கொண்டே அளக்கப்படுகிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய கல்விப் பணியாளர் கல்லூரிகள், பிற்பாடு மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. பெயர்கள் மாறினாலும் நடைமுறை அதேதான். உதவிப் பேராசிரியர் முதல் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க 21 நாள் ‘ஓரியன்டேஷன்’ (அறிமுகப் பயிற்சி) முடித்திருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அடுத்தடுத்த படிகளுக்கு ‘ரெஃப்ரெஷர்’ (புத்தாக்க) வகைப் பயிற்சிகள் உள்ளன.

இப்பயிற்சிகள் வீண் என்று நான் கருதவில்லை. சிற்றூர்க் கல்லூரியில் தன் துறையில் தனி ஒருவராகப் பணியாற்றும் ஆசிரியருக்கு, பிற ஊர்களின் துறைசார் நண்பர்கள் அறிமுகமாவதே பெரும்பேறு. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பியபின் அவருடைய பாடத்திட்டத்தையும் ஆய்வு வரைவையும் உடனிருந்து பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விதிமுறைகளில் விடை இல்லை. மூத்த ஆசிரியர் இளையவருக்குத் தரும் நேரத்தைப் பணிநேரமாக ஏற்காதவரை அந்த விடை கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழிகாட்டல் உண்மையில் எவ்வாறு நிகழ்ந்திருக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகளைப் பார்ப்போம். கணித மேதை எலி கார்த்தானிடம் பயின்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன், 1937இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து, பின்னர் சென்னை லயோலாவில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். அக்காலச் சென்னையின் கணிதம் பெரிதும் கேம்பிரிட்ஜ் மரபைச் சார்ந்திருந்தது. பாரிஸில் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதம் இங்கே அறிமுகமானதில் ரசீனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தை உலகம் அறியும். சில ஆண்டுகள் கழித்து சி. பி. ராமானுஜமும் ரசீனின் பரிந்துரையோடு அதே நிறுவனத்துக்குப் போனார். ரசீன் இவர்களை லயோலாவிலேயே தம் நிழலில் வைத்துக்கொள்ள முயலவில்லை; தம்மால் தர இயலாததை எங்கே பெறலாம் என்று அறிந்து அங்கே அனுப்பிவைத்தார். அவர்களுடைய கண்டுபிடிப்புகளில் அவர் பெயர் இல்லை.

மற்றொன்று இன்னும் பழையது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற்றபோது, அவ்விடத்திற்கு உ. வே. சாமிநாதையரைத் தேர்ந்தெடுத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். அப்போது சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார். அவரை அனுப்புமாறு ஆதீனகர்த்தரை இசையச் செய்ததும், கல்லூரித் தலைவரிடம் பரிந்துரைத்ததும் செட்டியார்தான். சாமிநாதையர் 1903 வரை அங்கே பணியாற்றினார். அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பு அந்த ஆண்டுகளில்தான், 1887இல், வெளிவந்தது. தமக்குப்பின் அவ்விருக்கையில் யார் அமரவேண்டும் என்று கவலைப்பட்ட ஒருவரால், ஒரு நூற்றாண்டின் பதிப்புப் பணிக்கே களம் அமைந்தது.

இவ்விருவரும் தனிமனிதப் பெருந்தன்மையால் இயங்கியவர்கள். பெருந்தன்மையை விதியால் வரவழைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் விதி அதைத் தண்டிக்காமல் இருக்கலாம். 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் கொண்டுவந்த மதிப்பெண் முறையோ அதைத் தண்டிக்கவே செய்தது. தரமதிப்பீட்டு இதழில் ஒரு கட்டுரை வந்தால் 15 மதிப்பெண். கட்டுரையாளர் பலரானால் அது அவர்களுக்குள் பங்கிடப்படும். இளையவர் ஒருவரின் வரைவை நான்கு முறை திருத்திக்கொடுத்த மூத்தவர், தம் பெயரைச் சேர்த்துக்கொண்டால் மதிப்பெண் பெறுவார். விலகி நின்றால் அவருக்கு ஒன்றுமில்லை. ரசீன் போன்ற ஒருவர் அந்த முறையில் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் நின்றிருப்பார். ஐ.எஸ்.பி.என். எண் தாங்கிய கருத்தரங்கத் தொகுப்புகள் பெருகியதையும், யாரும் படிக்காத இதழ்கள் முளைத்ததையும் தமிழ்த்துறையினர் அருகிருந்து கண்டிருக்கிறோம். 2018இல் கல்லூரி ஆசிரியர்களுக்கு அம்முறை கைவிடப்பட்டது. எண்ணிக்கைப் பழக்கம் இன்னும் போகவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூத்த ஆசிரியர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் கொண்டு கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் துணைபுரியும் தேசிய வழிகாட்டல் இயக்கம் ஒன்றை அறிவித்தது. இந்திய மொழிகளில் கற்பிக்க வல்லவர்களையும் அது குறிப்பிட்டது. நல்ல எண்ணம். ஆனால் அதன் செயல்வடிவம் பள்ளிக்கல்வியின் பக்கம் போய், 2022இல் 30 மத்திய அரசுப் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட விதிமுறை வரைவு, ஆசிரியரின் குறிப்பிடத்தக்க பங்களிப்புகள் என ஒன்பது துறைகளைத் தருகிறது. அவற்றுள் மாணவர் செயல்திட்ட மேற்பார்வை இடம்பெறுகிறது. சக ஆசிரியரை வளர்ப்பதற்குத் தனித் தலைப்பு இல்லை.

செய்யக்கூடியது என்ன? உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடி வகுப்பு என்பது நடப்பு விதி. விரிவாக்கப் பணியிலும் நிர்வாகத்திலும் ஈடுபடும் பேராசிரியருக்கு 2 மணி குறைக்கவும் அதே விதி இடமளிக்கிறது. அந்தச் சலுகையை இளம் ஆசிரியர் ஒருவருக்குத் துணைநிற்கும் மூத்தவருக்கும் நீட்டினால் போதும். புதிய மையமோ இணையவாயிலோ தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நேரத்தைக் கணக்கில் ஏற்றினால் அதுவும் படிவமாகிவிடும் என்பார்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக நாம் பராமரிக்கும் ‘மென்டார்–மென்டி’ (வழிகாட்டி–மாணவர்) பதிவேடுகளே சாட்சி: கையெழுத்துகள் நிறைந்திருக்கும், உரையாடல் நடந்திராது. இந்த அச்சம் நியாயமானது என்பதால்தான் நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணையும் அறிக்கையையும் கேட்கக் கூடாது என்கிறேன். வழிகாட்டியை இளையவரே தேர்ந்துகொள்ள வேண்டும். வழிகாட்டி துறைத் தலைவராக இருக்கக் கூடாது. பதவி உயர்வுப் படிவத்தில் கையெழுத்திடப் போகிறவரிடம், இப்பாடத்தை நடத்த எனக்குத் தெரியவில்லை என்று எந்த இளைஞர் சொல்வார்? வேறு துறையினரோ, அடுத்த கல்லூரியினரோ, ஓய்வுபெற்றவரோ வழிகாட்டியாகலாம்.

தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இப்பேச்சு கௌரவ விரிவுரையாளர்களிடமிருந்து தொடங்க வேண்டும். வகுப்புகளில் பெரும்பகுதியை நடத்துகிறவர்கள் பல துறைகளில் அவர்கள்தாம். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் வழங்கலாம் என்று மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. அந்த உச்சவரம்பைக்கூட எட்டாத தொகையில் ஆண்டுக்கணக்காகப் பணிசெய்கிறவர்கள் பலர். பதவி உயர்வே இல்லாதவர்கள் ஆதலால் பதவி உயர்வை மையமாக வைத்த எந்தப் பயிற்சித் திட்டத்தின் கண்ணிலும் அவர்கள் முதன்மையாகப் படுவதில்லை. அடுத்த கல்வியாண்டில் இதே கல்லூரியில் இருப்போமா என்று அறியாதவரோடு நீண்டகால வழிகாட்டல் உறவு எப்படி வளரும்? ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அரசின் முடிவுக்குரியவை. அவற்றுக்கான போராட்டத்துக்கு வழிகாட்டல் மாற்றாகாது. ஆனால் அம்முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உள்ளன. துறையின் பாடத்திட்டக் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் தரலாம். ஆய்வு வரைவை மூத்தவர் ஒருவர் படித்துத் திருத்தித் தரலாம். வேறு ஊருக்கு மாற நேர்ந்தாலும் அதே மூத்தவரோடு தொடர்ந்து பேச அவர்களுக்கு உரிமை இருக்கலாம். இவற்றை ஒரு துறைக் கூட்டத் தீர்மானமே தந்துவிட முடியும்.