சுவரிலிருந்து கைக்கு: திருவண்ணாமலை வட்டாரச் சுவரோவியங்களில் வண்ண இயைபு

ஓவியத்தில் வண்ணங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதை ஓவியரின் ரசனை என்றே பெரும்பாலும் விளக்குகிறோம். திருவண்ணாமலை வட்டாரச் சுவரோவியங்கள் அந்த விளக்கத்துக்கு அடங்குவதில்லை. தட்சிணசித்திரம் என்னும் ஓவிய நூலோடு மகேந்திரவர்ம பல்லவனுக்கு இருந்த தொடர்பை மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு குறிக்கிறது. அண்டை மாவட்டத்திலுள்ள பனைமலையில், ராஜசிம்மன் எடுப்பித்த கோயிலில், குடைநிழலில் நிற்கும் தேவியின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. போளூரை அடுத்த திருமலையில் சமண ஓவியங்களும், செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டப விதானத்தில் நாயக்கர் கால ராமாயணமும் உள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளும் இந்த வரிசையில் வண்ண இயைபை முதலில் தந்தது சுவர். பின்னர்தான் அந்தப் பொறுப்பு ஓவியரின் கைக்கு வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய சுவரோவியத்தின் ஆதாரப் பொருள் சுண்ணாம்பு. ஈரம் காயாத சுதையின் காரத்தைத் தாங்கும் நிறமிகள் மிகச் சிலவே. சித்தன்னவாசல் ஓவியங்களை வேதியியல் முறையில் ஆராய்ந்த எஸ். பரமசிவன் அங்கே சுண்ணாம்பு வெள்ளை, கரி, செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், நீலக்கல் ஆகியவற்றை இனங்கண்டார். இந்தப் பட்டியலில் என்னை நிறுத்துவது ஒன்று: செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பு ஆக்சைடுகள், பச்சைமண்ணின் நிறத்துக்கும் இரும்பே காரணம். மூன்றும் ஒரே குடும்பம். எதுவும் கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் கூர்மையானதன்று. போதாததற்கு, சுதையின் வெண்மை எல்லா நிறங்களுக்கும் அடியில் ஒன்றாக ஊடுருவி நிற்கிறது. இவற்றை அருகருகே வைத்துப் பகையை உண்டாக்குவதுதான் கடினம்.

காலத்தின் புகையும் தூசியும் நிறங்களை மங்கவைத்ததையே நாம் இயைபு என்று மயங்குகிறோம் என ஒருவர் மறுக்கலாம். மங்கல் உண்மைதான், ஆனால் நிறமிகளின் இரும்பு உறவைப் புகை உண்டாக்கவில்லை. தஞ்சைப் பெரியகோயிலில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த சோழர் ஓவியங்கள் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் நெடுங்காலம் மூடப்பட்டுக் கிடந்தவை. அவற்றிலும் இதே மண்ணிறங்களின் நெருக்கம் காணப்படுகிறது. இன்னொரு மறுப்பு நூல்வழி வருவது: விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் ரேகையை ஆசான்களுக்கும், வண்ணச் செழிப்பைப் பொதுமக்களுக்கும் உரிய சுவையாகப் பிரிக்கிறது; ஆகவே நம் மரபு வண்ணத்தைப் பொருட்படுத்தவில்லை என்பது. ஆனால் அந்நூல் பேசுவது பார்ப்பவர்களின் தரத்தை. சுவரில் வேலை நடந்த முறையை அன்று. ரேகை முதலிடம் பெற முடிந்ததே வண்ணம் ஏற்கெனவே இணங்கிக் கிடந்ததால்தான் என்றும் அதை வாசிக்கலாம். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

காய்ந்த சுதைமேல் பசை கலந்து தீட்டும் முறை ஓங்கியபோது நிலைமை மாறியது. காரத்துக்கு அஞ்ச வேண்டாத ஓவியருக்கு நிறத் தெரிவு விரிந்தது; சுவர் தந்த காவல் நீங்கியது. நாயக்கர் ஓவியர் கண்ட வழி பெரும்பாலும் செந்தளம். கதைப்பட்டை முழுவதும் ஒரே சிவப்பு ஓட, மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் அதன்மேல் தட்டையாக அமர்ந்தன. ஒவ்வொன்றையும் கருங்கோடு சுற்றி வேலியிட்டது. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கித் தெரிவதாக எழுந்த புகாரை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரெல், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டு 1839இல் நூலாக்கினார். நிறம் அண்டை நிறத்தால் மாறும் என்ற அந்த உண்மையைச் செங்கம் மரபின் ஓவியர்கள் கோட்பாடாக எழுதவில்லை, கருங்கோட்டால் கையாண்டார்கள்.

இதைச் சிதைவு என்று கருதுவோர் உண்டு: நிழலேற்றம் போய்விட்டது, உடலின் திரட்சி போய்விட்டது என்பர். இழப்பை நான் மறுக்கவில்லை. பனைமலைத் தேவியின் மென்மை செங்கத்தில் இல்லை. ஆயினும் விதானம் கிட்ட நின்று பார்க்கும் சுவர் அன்று. தலையை அண்ணாந்து, மண்டபத்தின் மங்கிய ஒளியில், நடந்துகொண்டே கதையைத் தொடர்பவருக்கு நுண்ணிய நிழலேற்றம் எட்டாது. இராமனையும் அனுமனையும் நிறத்தால் அடையாளம் காண வேண்டும். இடையில் நிற்கும் திருமலையோ எளிதில் பிடிகொடுப்பதில்லை. சோழர் காலத்தது என்றும் பிற்காலத்தது என்றும் அறிஞர் வேறுபடும் அந்த அடுக்குகளில், தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபையான சமவசரணத்தை வட்ட வட்டமாகப் பிரித்திருக்கும் அமைப்பே நிறங்களைக் கட்டுக்குள் வைக்கிறது. அங்கே செந்தளத்தின் தேவை இன்னும் எழவில்லை. நாயக்கர் விதானங்களில் சுதை உதிர்ந்து செந்தளம் விட்டுப்போன இடங்களை இதனோடு ஒப்பிடலாம்: உருவங்கள் முழுமையாக எஞ்சியிருந்தும், வெள்ளைத் திட்டுகளுக்கு இடையே ஒன்றோடொன்று உறவற்றுத் தனித்தனியே மிதக்கின்றன.