சீவலப்பேரி: ஆறுகள் கூடுற இடத்துல ஏன் படகுத்துறை இல்ல?

இந்த எபிசோட்ல சங்கரன்கோவில்ல இருந்து கொஞ்சம் தெற்கே போவோம். நம்ம பக்கத்துத் தண்ணி நிட்சேப நதி வழியா வைப்பாத்துப் பக்கம் போயிடுது. ஆனா அதே மலைத்தொடர்ல, குற்றாலத்துல விழுற தண்ணி சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட கலக்குது. கோதண்டராம ஆறும் அங்கேயே சேர்றதால பழைய பேர் முக்கூடல். பீடிக்குப் பேர்போன முக்கூடல் அம்பாசமுத்திரம் பக்கம், அது வேற ஊர். முக்கூடற்பள்ளு பாடுறது சீவலப்பேரியைத்தான்.

ஆறுகள் கூடுற இடம்னா துறைமுகம் இருக்கணும்னு நினைப்போம். ஜெர்மனியில ரைனும் மோசலும் சேர்ற கோப்லென்ஸ் அப்படித்தான். மோசல்ல வரிசையா அணையும் மடைப்பூட்டும் கட்டி, 1964-ல பெரிய சரக்குப் படகுகளுக்குத் திறந்துவிட்டாங்க. சென்னையில கூவத்தையும் அடையாற்றையும் இணைச்சது பக்கிங்காம் கால்வாய். அந்த இணைப்பை வெட்டுனது 1876-78 பஞ்சத்துல நிவாரண வேலைக்கு வந்த ஜனங்க.

தாமிரபரணியிலயும் அணைக்கட்டுகள் இருக்கு, மொத்தம் எட்டு. ஆனா ஒண்ணுகூட படகுக்காகக் கட்டினதில்ல. எல்லாமே வயலுக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லினு ஆறு அணைக்கட்டும் சீவலப்பேரிக்கு மேலயே முடிஞ்சிடுது. கீழே இருக்கிறது மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் மட்டும்தான்.

இங்கதான் விஷயமே இருக்கு. மேல ஆறு இடத்துல கால்வாய்க்குப் பிரிஞ்சது போக மிச்சம் வர்ற ஆத்துக்கு, சிற்றாறு புதுத்தண்ணி கொடுக்குது. அந்தத் தண்ணி மருதூர்ல மேலக்கால், கீழக்கால்னும், ஸ்ரீவைகுண்டத்துல வடகால், தென்கால்னும் பிரியுது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பிரிட்டிஷ் காலத்துல, 19-ஆம் நூற்றாண்டுல வந்தது. மத்த ஏழும் அதுக்கும் முந்தினது. பள்ளுல மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்காரி. ரெண்டு பேரும் சண்டை போடுறது ஒரே குடும்பனுக்காக. அந்த ரெண்டு ஊருக்கும் ஆறும் ஒண்ணுதான்!

அப்போ கப்பலே வரலையா? வந்துச்சு, ஆனா முகத்துவாரத்துக்கு. முத்துக்குப் பேர்போன கொற்கை, பாண்டியர் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேர கடல் தள்ளிப்போச்சு. துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்துச்சு. 13-ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ எழுதின காயல் அதுதான். இன்னைக்குக் கொற்கையில நின்னா கடலே தெரியாது. வயலும் வாழையும்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஒரு ரயிலே நின்னுபோனது ஞாபகம் இருக்கும். அதே ஸ்ரீவைகுண்டம் விவசாயிங்கதான் கோடையில தண்ணிக்குக் காத்துக் கிடக்காங்க. தூத்துக்குடிக்குக் குடிநீரும், ஆலைகளுக்குத் தண்ணியும் இந்த ஆத்துல இருந்துதான் போகணும். மிஞ்சுனாலும் கொறைஞ்சாலும் கடைமடைக்காரர் தலையிலதான் விடியுது. அதனால அடுத்த தடவை குற்றாலத்துல குளிக்கும்போது, அந்தத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.