சூடு என்னும் ஒற்றைச் சொல்

கண் மங்கினாலும் சூடு, தலைமுடி கொட்டினாலும் சூடு. எங்கள் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் நோய்க்காரணம் கூற இந்த ஒரு சொல்லே போதுமானது. கரிசல் வெயிலும் பட்டாசு உலரும் களங்களும் சூழ்ந்த ஊரில் அச்சொல் வேரூன்றியதில் வியப்பில்லை. எண்ணெய் முழுக்கும், கரிசலாங்கண்ணிச் சாறு சேர்த்துக் காய்ச்சிய நல்லெண்ணெயும் இரண்டுக்கும் பொது மருந்து. (கரிசலாங்கண்ணிக்கும் கரிசலுக்கும் உறவு தேடும் பணியை மொழிநூலாருக்கு விட்டுவிடுகிறேன்.)

ஆயுர்வேத நூல்களோ இவ்விரண்டையும் ஒரே சூட்டில் அடக்கவில்லை. வாதத்தோடு கூடிய பித்தம் மயிர்க்காலை அடைந்து முடியை உதிர்க்கிறது; பின்னர் கபமும் குருதியும் அத்துளையை அடைத்துவிடுவதால் புதுமுடி முளைப்பதில்லை என்கிறது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். கூந்தலைப் பொறுத்தவரை நம் ஊரார் சொல்லும் சூட்டுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு எனலாம். ஆனால் கண்ணைப் பற்றி அதே நூல் வேறு திசையில் பேசுகிறது. கண் தேயுவின் தன்மையுடையது. ஆதலால் அது சிறப்பாக அஞ்சவேண்டியது கபத்துக்கே. கபநீர் வடிவதற்காக வாரம் ஒருமுறை இரசாஞ்சனம் தீட்டச் சொல்வது இக்கருத்தின் வழி வந்ததே.

பார்வை மங்கல் திமிரம், காசம், லிங்கநாசம் எனப் படிப்படியாக முற்றும் என்பது பண்டைய வகைப்பாடு. தொடக்க நிலைக்குத் திரிபலை நெய்யும் மைகளும் கூறப்பட்டன. கபத்தால் முற்றிய லிங்கநாசத்துக்கோ, சலாகை என்னும் கோலைக் கண்ணுள் செலுத்திப் படலத்தை விலக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. இன்று கண்புரை எனப்படுவதோடு இந்நிலையை ஆய்வாளர் ஒப்பிடுவர். மருந்து எங்கே நின்றுவிடும் என்பதை நூலே வரையறுத்தது, அது அடுக்கும் மூலிகைகளைவிட முக்கியமான செய்தி என்பது என் எண்ணம்.

இந்தத் தெளிவைத் தமிழகத்தில் எழுத்துச் சான்றுகளோடு காணக்கூடிய இடம் தஞ்சை. 1798 முதல் 1832 வரை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலை அமைத்து வைத்திய முறைகளைத் திரட்டச் செய்தார். அவை தமிழ்ப் பாடல்களாக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் நயன ரோக சிகிச்சை தனி நூலாகவே அச்சேறியது. அதே மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பாடல் மரபைப் போற்றிய அரண்மனை ஐரோப்பியக் கண் அறுவையையும் விலக்கவில்லை. ஒன்றை ஏற்றால் மற்றொன்றைத் தள்ளவேண்டும் என்ற பிடிவாதம் பிற்காலத்தது.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சலாகை கண்ணுக்குள்ளேயே ஒதுக்கிவைத்த படலம் இன்று வெளியே எடுக்கப்பட்டு, அவ்விடத்தில் செயற்கை வில்லை பொருத்தப்படுகிறது. இத்தனைக்குப் பின்னும் இங்கே நீரிழிவாலோ கண்ணழுத்தத்தாலோ மங்கும் பார்வையைச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் காத்திருப்போர் உண்டு. முடிக்காகக் காத்திருப்பதில் பெரிய இழப்பில்லை. கண்ணழுத்தத்தால் பட்டுப்போன பார்வை நரம்பை எந்த நெய்யும், எந்த அறுவையும் மீட்டுத் தருவதில்லை.