பூளை பூத்த மேடு

கோவை அவிநாசி சாலையில் முதன்முறையாகப் போகும் வெளியூர்க்காரருக்குப் பீளமேட்டில் ஒரு சின்னக் குழப்பம் காத்திருக்கும். ஊரே ‘பி.எஸ்.ஜி.’ என்று அழைக்கும் கல்லூரியின் பெயரைத் தமிழில் ‘பூ.சா.கோ.’ என்று எழுதியிருப்பார்கள். சா என்றால் சாமநாயுடு, கோ என்றால் கோவிந்தசாமி. முதலெழுத்து ஊரின் பெயர். ஊர் பீளமேடு என்றால் எழுத்து ‘பீ’ என்றல்லவா இருக்க வேண்டும்? ‘பூ’ எப்படி வந்தது?

விடை ஒரு களைச்செடியில் இருக்கிறது. ஊரின் பழைய பெயர் பூளைமேடு. பூளைச் செடி மண்டிக்கிடந்த மேட்டு நிலம் என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பேச்சில் பூளை பீளையாகி, பீளமேடு என்று நிலைத்துவிட்டது. செடிக்கும் அதே கதைதான். இலக்கியத்தில் பூளை, சித்த வைத்தியத்தில் சிறுபீளை. கண்ணோரம் ஒதுங்கும் பீளை போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூ என்பதால் ‘கண்ணுப்பீளை’ என்றும் சொல்வார்கள். அழகான பெயரில்லைதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், கொங்கு நாட்டில் இந்தப் பூ இல்லாத வீட்டு வாசலே இருக்காது.

அந்த நாள் மார்கழியின் கடைசி நாள். சென்னையில் போகி என்றால் விடியற்காலைப் புகையும் சிறுவர்களின் மேளமும். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அதே நாளுக்குக் ‘காப்புக்கட்டு’ என்று பெயர். இங்கே எரிப்பதைவிடக் கட்டுவதுதான் முக்கியம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாக்கி, வீட்டின் எறவாரத்தில் செருகுவார்கள். சில ஊர்களில் மாவிலையும் தும்பையும் சேரும். வாசலோடு வேலை முடியாது. மாட்டுக் கட்டுத்தறி, ஆட்டுப்பட்டி, கிணற்றுமேடு, தோட்டத்து மூலை, குலதெய்வக் கோயில் என்று குடும்பத்துக்குச் சொந்தமான, குடும்பம் நம்பியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து. இன்று மோட்டார் அறை, டிராக்டர், பைக், கார், பட்டறை மெஷின் வரை அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது.

ஏன் இந்த மூன்று செடிகள்? கொங்கு நாட்டின் மழைக் கணக்கைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் கொஞ்சம் சாரலும் வந்தாலும், பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த ஈரத்தில் தரிசில் தானாக முளைத்த செடி மார்கழியில் பூத்து நிற்கும். விதைக்கவும் வேண்டாம், தண்ணீர் பாய்ச்சவும் வேண்டாம். நோம்பிக்குப் பூ வேண்டுமென்றால் வேலியோரம் நடந்தால் போதும். பொங்கலை ‘நோம்பி’ என்று சொல்லும் கொங்குக் குடியானவர், பண்டிகைக்கு வேண்டியதைக் கடையில் தேடாமல் காட்டில் தேடியதற்குக் காரணம் இதுதான். வேம்பு நோய்க்கு, பூளை நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும், ஆவாரை உடல் சூட்டுக்கு என்று மூன்றுக்கும் நாட்டு வைத்தியத்தில் இடம் உண்டு. பனி முடிந்து வெயில் தலைகாட்டும் பருவத்தில், அம்மையும் கண்நோயும் வரும் முன்பே மருந்துச் செடியை வாசலில் கட்டிவைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லும் விளக்கம் அங்கிருந்து வந்தது.

பூளையும் ஆவாரையும் சேர்வது புதிதல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் புகழ்பெற்ற மலர்ப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த அடிகளில் இடம்பெறுகின்றன. கலித்தொகையில் காதல் கைகூடாமல் மடலேறுகிறவன் அணியும் மாலையில் எருக்கோடு இந்த இரண்டும் கலந்திருக்கும். பெரும்பாணாற்றுப்படை, வெந்த வரகுச் சோற்றைப் பூளைப்பூவுக்கு ஒப்பிடுகிறது. சோற்றுக்கு உவமை சொல்லும் அளவுக்கு எல்லோரும் பார்த்துப் பழகிய பூ! புன்செய் நிலத்துச் சோறும் புன்செய் நிலத்துப் பூவும் ஒரே உவமையில் வந்து நிற்கின்றன. மடலேறுகிறவன் ஊர் சிரிக்கத் தலையில் சூடிய பூ, எப்போது ஊரைக் காக்கும் பூவாக வாசலேறியது என்பதற்குச் சங்கப் பாடல்களில் விடை இல்லை.

ஆவாரைக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. அதன் பட்டைதான் ஒருகாலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலின் முக்கிய மூலப்பொருளாக இருந்தது. தரிசில் வளர்ந்த புதரின் பட்டையை உரித்துத் தோல் ஷாப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். 20-ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. பட்டை வியாபாரம் போனபின்னும், பூவுக்கு மட்டும் தை மாதத்தில் மவுசு குறையவில்லை.

பூளைமேட்டின் தலைவிதியை மாற்றியது வேறொரு வெள்ளைப் பஞ்சு. கோவையில் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது 1888-இல். 1910-இல் குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில் வந்தது. 1920-களில் பூளைமேட்டிலேயே ரங்கவிலாஸ் மில் எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் அவிநாசி சாலை நெடுக மில்கள் பெருகின. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கியது 1926-இல். அந்த அறக்கட்டளைதான் பூ.சா.கோ. கல்வி நிலையங்களின் தாய். கலைக்கல்லூரி 1947-இலும் தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும் வந்தன. இவற்றோடு மருத்துவமனை, விமான நிலையம், கொடிசியா கண்காட்சி வளாகம், 2010-இல் டைடல் பூங்கா. இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது பழைய புன்செய்க்காடும் தரிசும். பூளைக்கு இலவம் என்றும் ஒரு பொருளை அகராதி சொல்கிறது. பஞ்சு போன்ற பூவின் பெயர் தாங்கிய ஊர் பஞ்சாலை ஊரானது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமான தற்செயல்.

மில் காலம் இந்த ஊரின் பனிக்காலத்துக்கு ஒரு துக்க நாளையும் கொடுத்திருக்கிறது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் போராட்டத்தையொட்டிய கொலை வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் சின்னியம்பாளையத்தில் செங்கொடிகளோடு கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அது முடிந்து ஒரு வாரத்துக்குள் காப்புக்கட்டு வந்துவிடும்.

காப்புக் கட்டிய மறுநாள் பொங்கல். ஆனால் குடியானவர் வீட்டில் பெரிய நோம்பி அதற்கடுத்த நாள்தான். மற்ற ஊர்களின் மாட்டுப்பொங்கல் இங்கே பட்டிப்பொங்கல். கட்டுத்தறிக்குப் பக்கத்தில் சாணியும் மண்ணும் குழைத்துச் சிறு தெப்பக்குளம் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, கரை முழுக்க ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைப்பார்கள். கழுவிக் குளிப்பாட்டிய மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம், கழுத்தில் புதுக் கயிறு. பொங்கல் பொங்கியதும் பழத்தோடு பிசைந்து முதலில் மாட்டுக்கு ஊட்டுவார்கள். தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ‘பட்டி பெருக’ என்று குரல் கொடுத்துச் சுற்றிவருவார்கள். கடைசியில் கன்றை விட்டுத் தெப்பக்குளத்தை மிதிக்கவைப்பார்கள். காங்கேயம் மாடும் கொறங்காட்டு மேய்ச்சலும் சோறு போட்ட பூமியில், பட்டி பெருகுவதுதான் செல்வம் பெருகுவது.

பொங்கலின் மூன்றாம் நாள் பெண்களுடையது. பூப்பறிக்கும் நோம்பி. கட்டுச்சோறு, முறுக்கு, கரும்போடு சிறுமிகளும் இளம்பெண்களும் கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறிப்பார்கள். போகும்போதும் வரும்போதும் கும்மி. ‘ஓலையக்கா’ பாட்டுத் தெரியாமல் கொங்கு நாட்டில் வளர்ந்த பாட்டிகள் குறைவு. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் பூசணிப்பூ செருகி வைத்த சாணிப் பிள்ளையார்களைக் காயவைத்துச் சேர்த்திருப்பார்கள். அவற்றையும் பறித்த பூவையும் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். வயல்வேலைக்கும் தண்ணீருக்கும் தவிர வெளியே போகாத பெண்களுக்கு, ஆண்டில் ஒரு நாள் வேடிக்கைக்காகவே ஊர் எல்லையைத் தாண்டக் கிடைத்த அனுமதி இது. நொய்யல் கரையோரம் நடந்த இந்தக் கூட்டங்கள் நகரத்தில் அடங்கிவிட்டன. கிராமங்களில் இன்னும் நடக்கின்றன.

அதே நாட்களில் உடுமலைப் பக்கம் போனால் இன்னொரு பழமையைப் பார்க்கலாம். சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில். ஆலகால விஷத்தை உண்டவனும் மாலும் ஒன்றாகிய தெய்வம் என்பது பெயருக்குச் சொல்லும் விளக்கம். மாட்டுப்பொங்கலன்று தொடங்கும் திருவிழாவில் சுற்று வட்டாரமே பாலைக் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றும். மாடு நோயின்றி இருக்க மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைப்பார்கள். அந்தத் திருநாளில் பிறந்த கன்றைச் சாமிக்கு விடுவதும் உண்டு. இப்படி விட்ட காளைதான் சலகெருது. மார்கழி இரவுகளில் உறுமி முழங்க, நீண்ட மூங்கில் கோல்களுடன் அதன் முன்னால் ஆடி, காளையையும் சேர்ந்து ஆடப் பழக்குவார்கள். பொங்கலுக்கு அது கோயில் வாசலுக்கு வந்துசேரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பொள்ளாச்சியில், 2015 முதல் பொங்கலையொட்டி வெப்பக்காற்று பலூன் திருவிழா நடக்கிறது. கீழே சலகெருது, மேலே பலூன் என்று இரண்டுக்கும் கூட்டம் இருக்கிறது.

பெரும்பொழுதுக் கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. எறவாரத்துக் காப்பு காய்ந்து சருகாகும்போது, காப்பு என்ற சொல் கைக்கு இடம்பெயரும். தைப்பூசத்துக்கு மாலை போட்டு, கையில் காப்புக் கட்டியவர்கள் காவடியோடு மருதமலைக்கும் பழனிக்கும் நடக்கத் தொடங்குவார்கள். கோவையிலிருந்து பழனி செல்லும் சாலை ஓரங்களில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் முளைக்கும். தை அமாவாசையையொட்டி ஆனைமலை மாசாணியம்மனுக்குக் கொடியேறி, மாசியில் குண்டம் இறங்குவார்கள். மாசி மகத்தில் காரமடை அரங்கநாதர் தேர். தீப்பந்தம் ஏந்தி ஆடும் பந்தசேவையும் தோல்பையில் நீர் சுமந்து வரும் தண்ணீர் சேவையும் அங்கே சிறப்பு.

நகரின் தாய்க்கு உரிய தேரும் மாசியில்தான். கோனியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் பழைய கோவைக்காரர்கள் ஊரைவிட்டு வெளியே தங்க யோசிப்பார்கள். புதன்கிழமை பிற்பகல் ராஜவீதித் தேர்நிலைத் திடலில் வடம் பிடித்தால், ஒப்பணக்கார வீதி வழியாக நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் நடுவே தேர் நகரும். ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன்பு, தேர் பார்க்க வருகிறவர்களுக்கு இஸ்லாமியர்கள் தண்ணீர் பாட்டில் நீட்டுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம்.

இத்தனை நோம்பிகளில், ஊர்ப்பெயரோடு நேராக ஒட்டியது காப்புக்கட்டு ஒன்றுதான். அதற்கான பூ இன்று பீளமேட்டுக்கு வண்டியேறி வருகிறது. மார்கழியின் கடைசி இரண்டு மூன்று நாட்களில் பூ மார்க்கெட்டிலும் காய்கறிச் சந்தைகளிலும் சாலையோரங்களிலும் வேப்பிலையோடு கட்டிய கொத்துகள் குவியும். புறநகர்க் கிராமத்துத் தரிசுகளில் விடிவதற்கு முன்பு பறித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எறவாரம் இல்லை. அதனால் இரும்புக் கதவின் கம்பியிலும் ஏ.சி. பெட்டியின் மேலும் கொத்து ஏறுகிறது. ஐ.டி. அலுவலக வாசலிலும் பார்க்கலாம். அவிநாசி சாலைக்கு மேலே இப்போது மேம்பாலமும் ஓடுகிறது. அதன் கீழே ஆட்டோக்காரர் தன் வண்டியின் முகப்பில் ஒரு கொத்தைக் கட்டிக்கொண்டு சவாரிக்குக் கிளம்புகிறார்.

அடுத்த காப்புக்கட்டுக்குக் கொத்து வாங்கும்போது, பூ எந்த ஊர்க் காட்டில் பறித்தது என்று விற்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பல ஊர்ப் பெயர்கள் வரும். பூளைமேடு என்ற பெயர் மட்டும் வராது.